கிரிப்டோவில் போனால் யாருக்கும் தெரியாதா?

இந்த மாதத்தில் என்னிடம் வந்த இப்படிப்பட்ட வழக்கில் இது நான்காவது. கையில் ஜெராக்ஸ் கடைக் கவரில் பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒரு அப்பா, பக்கத்தில் தலையைக் குனிந்தபடி கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன். வேறு மாநிலப் போலீஸிடமிருந்து நோட்டீஸ், அக்கவுண்ட் முடங்கிக் கிடக்கிறது. பையன் செய்தது இதுதான்: டெலிகிராமில் பழக்கமான ஒருவன் சொன்னபடி, தன் அக்கவுண்டில் வந்து விழுந்த, யாரோ மோசடியில் இழந்த பணத்துக்கு யூ.எஸ்.டி.டி. என்ற, டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயின் வாங்கி, அவன் கொடுத்த வாலட் (கிரிப்டோ பணப்பை) முகவரிக்கு அனுப்பி, நூற்றுக்கு இரண்டு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டான். "கிரிப்டோல போனா யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாங்க சார்" என்றான்.

இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது. பையன் மேல் இல்லை, அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல். பிளாக்செயினில், அதாவது கிரிப்டோ கைமாறுவதையெல்லாம் பதியும் பொதுக் கணக்கு நோட்டில், பணம் போன வழியைத் தேடி வக்கீல்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை, அதனால் அடித்துச் சொல்கிறேன், அது சுத்தப் பொய்.

நம் ஊர் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று வரி வரியாக இருக்கும், இருபது வருஷம் கழித்தும் எடுத்துப் பார்ப்பார்கள். பையன் அனுப்பிய யூ.எஸ்.டி.டி.யும் சரி, பிட்காயினும் சரி, அப்படிப்பட்ட நோட்டில்தான் பதிவாகும். பிட்காயின் நோட்டில் 2009 ஜனவரியில் எழுதிய முதல் வரியிலிருந்து இன்றுவரை எல்லாம் அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆட்களின் பெயருக்குப் பதிலாக எழுத்தும் எண்ணும் கலந்த முகவரி இருக்கும், அவ்வளவுதான். அந்த முகவரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டால் போதும், அதற்கு முன்னால் அதிலிருந்து போனது வந்தது எல்லாம் உங்கள் கணக்கில் வந்து நிற்கும். பெயர் எங்கே ஒட்டும் என்றா கேட்கிறீர்கள்? காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் பான் கார்டும் செல்ஃபியும் கொடுத்தீர்களே, அங்கேதான்.

பத்து முகவரி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஒரு தொகையை அனுப்ப மூன்று முகவரியில் இருக்கும் சில்லறையைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் போட்டால், மூன்றின் சாவியும் (பணத்தை அனுப்பத் தேவையான ரகசிய எண்) ஒரே ஆளிடம் இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சாரா மெய்க்கிள்ஜான் குழுவினர் இதை வைத்துத்தான் முகவரிகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டினார்கள். எந்தக் கொத்து யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காகத் தாங்களே பல இடங்களில் 344 பரிவர்த்தனைகள் செய்து பெயர் ஒட்டினார்கள். போதைப்பொருள் விற்ற 'சில்க் ரோடு' என்ற இணையக் கள்ளச் சந்தையின் பணமும் அந்த ஆய்வில் அகப்பட்டது.

அந்தச் சந்தையிலிருந்தே திருடிய ஒருவரின் கதை இன்னும் பெரிது. 2012 செப்டம்பரில் ஜேம்ஸ் ஜோங் என்ற அமெரிக்கர், ஒன்பது கணக்குகளைத் திறந்து, அடுத்தடுத்து 140-க்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளில் அதன் மென்பொருளை ஏமாற்றி 50,000 பிட்காயின் அளவுக்கு எடுத்துவிட்டார். புகார் கொடுக்க யாரும் இல்லை, கள்ளச் சந்தைக்காரன் எந்தப் போலீஸிடம் போவான்? 2013-இல் அந்தச் சந்தையே மூடப்பட்டது. ஆனால் நோட்டில் அந்த வரிகள் இருந்தன. 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். தரைக்கு அடியில் ஒரு பெட்டகம், குளியலறை அலமாரியில் பாப்கார்ன் டின், அதற்குள் போர்வைகளுக்கு அடியில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். மீட்டது 50,676 பிட்காயின், அன்றைய மதிப்பில் 300 கோடி டாலருக்கும் மேல். சில்க் ரோடு வழக்கை விசாரித்த கார்ல் ஃபோர்ஸ், ஷான் பிரிட்ஜஸ் என்ற இரண்டு அமெரிக்க அதிகாரிகளே அதில் பிட்காயினைச் சுருட்டி, 2015-இல் 78 மாதமும் 71 மாதமும் சிறைத்தண்டனை வாங்கினார்கள்.

எல்லாரையும் பிடித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பல பேர் காயினை ஒன்றாகக் கலந்து தடத்தை மறைக்கும் மிக்ஸரில் போட்டுக் கலக்கினால் வேலை கடினமாகும், பணம் கடைசியாகப் போய்ச் சேர்ந்த ஆள் நம் சட்டம் எட்டாத நாட்டில் இருக்கலாம். அதனால்தான் அந்தப் பையனைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். அவன் அனுப்பிய காயின் இரண்டு கை மாறியதும் ஒரு சேகரிப்பு முகவரிக்குப் போகிறது, அதில் இவனைப் போல நூற்றுக்கணக்கான பேரின் பணம் வந்து கலக்கிறது, திரையில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி இருக்கும். அந்த வலை முழுவதும் முகவரிகள்தான். பெயர், ஆதார், அப்பாவின் வீட்டு விலாசம் எல்லாவற்றோடும் நிற்பது கமிஷனுக்கு ஆசைப்பட்ட பிள்ளைகள் மட்டும்தான்.

அதனால் தயவுசெய்து கேளுங்கள். உங்கள் பேங்க் அக்கவுண்டையும் எக்ஸ்சேஞ்ச் கணக்கையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், சித்தப்பா பையன் கேட்டாலும் சரி. பி-டு-பியில், அதாவது எக்ஸ்சேஞ்ச் வழியாக நேராக இன்னொரு ஆளுக்கு, காயின் விற்றால், பணம் அனுப்பிய அக்கவுண்டின் பெயரும் வாங்குபவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள், மாறியிருந்தால் காயினை விடாமல் அந்த எக்ஸ்சேஞ்சில் உடனே புகார் போடுங்கள். மோசடியில் பணத்தை இழந்தவர்கள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் தராமல் எழுத்தாகவே காப்பி செய்து கொடுங்கள், 64 எழுத்தில் ஒன்று மாறினாலும் எங்களால் தேட முடியாது. முன்பணம் கொடுத்தால் தொலைந்த காயினை மீட்டுத் தருகிறேன் என்று வருபவனும் திருடன்தான்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? அவனோடு பேசிய மெசேஜ்களை அழிக்காதீர்கள். அந்தப் பையன் நோட்டீஸ் வந்த அன்று ராத்திரியே பயந்துபோய் டெலிகிராமில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டான். இதைச் செய்யச் சொன்னவன் இன்னொருவன் என்று காட்ட இப்போது அவன் கையில் ஒரு வரிகூட இல்லை.