ஒன்றரை ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள்

பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழுவில் நான் மருத்துவர். எங்கள் வட்டாரம் திருப்பூரை ஒட்டியது. "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே கண்ணு?" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பேன். திங்கட்கிழமை கேட்டால் கோழிக் குழம்பு, பரோட்டா, முட்டை தோசை என்பார்கள். வெள்ளிக்கிழமை கேட்டால் ரசம் சோறு, இல்லையென்றால் "சாப்பிடல மிஸ்". பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். இதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் ஆயிற்று.

போன வருடம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 9.2. அந்த வயதில் 12-க்குக் குறையக் கூடாது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். "டீயும் வர்க்கியும்." பக்கத்திலிருந்த டீச்சர், "சாப்பிட்டு வாங்கன்னு எத்தனை சொன்னாலும் இதுக கேக்கறதே இல்லைங்க டாக்டர்" என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

உட்கார வைத்துப் பேசினேன். அம்மா கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் இரவு வேலை. காலை எட்டரைக்கு ஷிப்ட் என்றால் ஏழரைக்கே வேன் வந்துவிடும். அதற்குள் அம்மா சோறு வடித்துத் தன் டிபன் பாக்ஸைக் கட்டுவதே பெரிய பாடு. ஒன்றரை ஷிப்ட் நாட்களில் இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள். வந்து உலை வைத்தால் சாப்பிடப் பத்து மணி. பசி தாங்காத பிள்ளைகள் அதற்குள் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்ப் பாக்கெட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிவிடும். இந்தப் பெண்ணுக்கு ஒரு நாளில் கிடைக்கிற முழுச் சாப்பாடு மதியச் சத்துணவும் அதில் தரும் முட்டையும்தான்.

தம்பி அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும்தான். 2022 செப்டம்பரில் தொடங்கி, மறு வருடமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. அதன் பலனைப் பிள்ளைகளின் முகத்தில் நான் பார்க்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் போனதும் இவளுக்கு அது நின்றுவிட்டது, வீட்டு நிலைமை அப்படியே இருக்கிறது. தம்பி உப்புமா சாப்பிடும்போது பைகளைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பாளாம். எட்டாம் வகுப்பு வரைக்கும் இதை நீட்டினால் எவ்வளவோ நல்லது.

அப்புறம் வியாழக்கிழமை தரும் இரும்புச்சத்து மாத்திரை. வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறாள். வெறும் வயிற்றில் போட்டு ஒரு தடவை வாந்தி வந்திருக்கிறது. சத்துணவு சாப்பிட்ட பிறகு கையிலேயே கொடுத்து விழுங்க வைக்கச் சொல்லி டீச்சரிடம் ஒப்படைத்தேன். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா சேர்ந்தால் நன்றாகச் சேரும்.

வசதியான வீட்டிலும் சுற்றியிருப்பவர்கள்தான் தட்டைத் தீர்மானிக்கிறார்கள். என் அக்கா மகன் ராகி தோசையைத் தொடாமல் திருப்பிக் கொண்டு வந்தான். "என்னடா இது கறுப்பா?" என்று வகுப்பில் கேட்டார்களாம். மறுநாளிலிருந்து நூடுல்ஸ்தான் வேண்டும் என்று அடம்.

மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணின் அம்மாவோடு போனில் பேசினேன். ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோர் விட்டுப் பிள்ளைகளே கரைத்துக் குடிக்கலாமே என்றேன். "பழைய சோறு குடிச்சுட்டு வந்தேன்னா புள்ளைக சிரிக்குதுகளாமுங்க. முட்டைன்னா பரவால்லீங்க. சனிக்கிழமை ஒரு அட்டை வாங்கி வெச்சறேன், அவளே வேக வெச்சுக்குவா" என்றார். சரி, அதுவும் நல்ல யோசனைதான்.

மூன்று மாதம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தாள். ஹீமோகுளோபின் 10.6. காலையில் முட்டை சாப்பிடுகிறாயா என்றேன்.

"நாந்தான் மிஸ் எல்லாருக்கும் வேக வெப்பேன்."

"தினமுமா?"

"வியாழக்கிழமை வரைக்கும் வரும் மிஸ்."