அந்தப் படத்தை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பதற்கு முன்

2012 நவம்பரில் காசாவின் குறுகலான சந்து ஒன்றில் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகைப் புகைப்படக்காரர் பால் ஹான்சன் ஒரு படம் எடுத்தார். இஸ்ரேலிய வான்தாக்குதலில் இறந்த இரண்டு குழந்தைகளை வெள்ளைத் துணியில் சுற்றி ஆண்கள் கூட்டமாகத் தூக்கி வருகிறார்கள். அழுகையும் ஆத்திரமும் கலந்த முகங்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' அமைப்பு அதை ஆண்டின் சிறந்த படமாக அறிவித்தது. மே மாதத்தில், இணையத்தில் கிடைத்த ஜேபெக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஆராய்ந்து, அது பல படங்களை ஒட்டித் தயாரித்த போலி என்று எழுதினார். அந்தச் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது.

அமைப்பு பதற்றப்படவில்லை. ஹான்சனிடமிருந்து ரா கோப்பை, அதாவது கேமரா பதிவு செய்த திருத்தப்படாத மூலக் கோப்பை, வாங்கி, போட்டிக்கு வந்த கோப்புடன் சேர்த்து, வெளியிலிருந்த தடயவியல் நிபுணர்களிடம் கொடுத்தது. ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுப் பார்த்த அவர்கள் சொன்னது இதுதான்: படத்தின் நிறமும் ஒளியும் மொத்தமாகவும் இடத்துக்கு இடமும் திருத்தப்பட்டிருக்கின்றன, ஆனால் எதுவும் ஒட்டப்படவில்லை, வெட்டப்படவும் இல்லை.

செய்திப் படத்தில் இந்த அளவுக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் அதற்கு இன்றும் ஒருமித்த பதில் கிடையாது. அதைப் பற்றிப் பேசியிருந்தால் எல்லோருக்கும் பயனாக இருந்திருக்கும். 'போலி' என்ற ஒற்றைச் சொல் அந்த விவாதத்தை விழுங்கிவிட்டது. பிள்ளைகளை இழந்த குடும்பத்தின் துயரத்தையே உலகம் சந்தேகத்துடன் பார்க்கும் நிலை வந்தது. இதை என்னால் இன்றும் சகித்துக்கொள்ள முடியவில்லை.

நான் திருமணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன். ஓய்வு நேரத்தில் பறவைகள். சில போட்டிகளுக்கு நடுவராக அழைக்கிறார்கள், சில இணையக் குழுக்களின் நிர்வாகத்திலும் இருக்கிறேன். அந்தக் காசா படத்துக்கு நடந்தது உலக அளவில் ஒருமுறை பேசப்பட்டது. அதன் சின்னச் சின்னப் பிரதிகள் எங்கள் குழுக்களில் வாரந்தோறும் நடக்கின்றன. "இது ஏஐ", "கூண்டுப் பறவை", "எங்கேயோ சுட்ட படம்" என்று ஒருவர் கொளுத்திப் போடுவார். பத்து பேர் ஊதிவிடுவார்கள். படத்தைப் போட்டவர் கண்விழித்துப் பார்க்கும்போது தீர்ப்பே எழுதி முடிந்திருக்கும்.

இந்தத் தீர்ப்புகளுக்குக் காட்டப்படும் ஆதாரங்களில் பெரும்பாலானவை ஆதாரமே இல்லை என்பதை ஒரு தொழில்காரனாகச் சொல்லியாக வேண்டும். "எக்சிஃப் தகவல் இல்லை, ஆகவே திருட்டுப் படம்" என்பார்கள். எந்தக் கேமரா, எந்த நேரம் என்று கோப்புக்குள்ளேயே பதிவாகும் விவரம்தான் எக்சிஃப். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலே அந்தத் தகவல் கழன்றுவிடும். முகநூலும் அதை நீக்கிவிட்டுத்தான் படத்தைக் காட்டுகிறது. "பறவையைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறது, வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்" என்பார்கள். கூர்மையை அளவுக்கு மேல் ஏற்றினால் வரும் விளிம்பு அது. இறகு பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதா? குறைந்த வெளிச்சத்தில் அதிக ஐஎஸ்ஓவில், அதாவது கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டி, எடுத்துவிட்டு, அதனால் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை மென்பொருளில் வழித்துத் துடைத்திருப்பார்கள். பின்னணி வழுவழுவென்று ஒரே பச்சையாக இருப்பதைப் பார்த்தும் சந்தேகப்படுகிறார்கள். தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து வைத்து, பின்னால் வெகுதூரத்தில் வயல் இருக்கும்படி அமர்ந்து எடுத்தால் அப்படித்தான் வரும். பின்னணியை மங்கலாக்கும் கைபேசியின் போர்ட்ரெய்ட் வசதி தலைமுடியின் ஓரத்தைத் தின்றுவிடுவதும் எல்லோரும் அறிந்ததுதான். இவற்றில் எதுவும் நேர்மைக்கும் சான்றில்லை, மோசடிக்கும் சான்றில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. 2023-இல் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், சோனி உலகப் புகைப்படப் போட்டியின் ஒரு பிரிவில் வென்ற தன் படம் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். அதே ஆண்டு சிட்னியில் ஒரு பெண் கைபேசியில் எடுத்த நிஜப் படத்தை, செயற்கை நுண்ணறிவின் வேலை என்று சந்தேகித்து உள்ளூர்ப் போட்டி ஒன்று ஒதுக்கியது. 2024-இல் புகைப்படக்காரர் மைல்ஸ் ஆஸ்ட்ரே தான் எடுத்த பூநாரையின் நிஜப் படத்தை வேண்டுமென்றே ஒரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்ப, நடுவர்கள் அதற்கே பரிசு கொடுத்தார்கள். அனுபவமுள்ள நடுவர்கள் இரு பக்கமும் ஏமாந்திருக்கும்போது, கைபேசித் திரையில் மூன்று விநாடி பார்த்துவிட்டு "எனக்குத் தெரியும்" என்று எழுதுபவரை எப்படி நம்புவது?

அதற்காக யாரும் எதையும் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும். சரியாகக் கேட்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில், இரவில் ஒளிரும் புழுக்கள் மின்னும் கரையான் புற்றும் அதை நெருங்கும் எறும்புத்தின்னியும் சேர்ந்த ஒரு படம். எடுத்தவர் மார்சியோ கப்ரால். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் புகைப்படப் போட்டியில் 2017-இல் ஒரு பிரிவின் முதல் பரிசு பெற்றது. அந்த எறும்புத்தின்னி, பூங்காவின் நுழைவாயிலருகே பாடம் செய்து வைத்திருக்கும் உருவத்தைப் போலவே இருக்கிறது என்று பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் அருங்காட்சியகத்திடம் தெரிவித்தார். அருங்காட்சியகம் ஐந்து விஞ்ஞானிகளைத் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது. உடற்கோடுகள், முடிக்கற்றை நிற்கும் விதம், நிற்கும் தோரணை எல்லாம் ஒத்துப்போயின. படக்காரரிடம் விளக்கமும் கேட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரா கோப்புகளைக் கொடுத்தார், ஆனால் எறும்புத்தின்னி இருக்கும் இன்னொரு படம் அவற்றில் இல்லை. குற்றச்சாட்டை அவர் கடைசிவரை மறுத்தார். 2018 ஏப்ரலில் பரிசு திரும்பப் பெறப்பட்டது. காரணங்களையும் அவருடைய மறுப்பையும் சேர்த்தே வெளியிட்டார்கள்.

"முன்னும் பின்னும் எடுத்தவை" என்பதைக் கவனியுங்கள். நடுவர் மேசையில் எனக்கு மிகவும் உதவுவது அதுதான். ஒரு பறவையைப் படமெடுக்கும் யாரும் ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்துவதில்லை. அது கிளையில் வந்து அமர்வது, தலையைத் திருப்புவது, பறந்த பின் மிஞ்சும் வெற்றுக் கிளை என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசையைப் பார்த்த சில நிமிடங்களில் பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடும். அந்த வரிசை யாரிடம் இருக்கிறது? எடுத்தவரிடம் மட்டும்தான். அவரைத் திட்டிவிட்டு அதை வாங்க முடியுமா?

இதை இன்னும் கூர்மையாக உணர்வது பறவைப் படங்களில். சில காலத்துக்கு முன் எங்கள் குழுவில் ஓர் இளைஞர் பச்சைப் பஞ்சுருட்டான் படம் போட்டார். வாயில் தட்டான், வெயில் பட்டு மின்னும் பச்சை, கூர்மையான கண். பாராட்டு குவிந்தது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் எடுத்த இன்னும் ஐந்தாறு படங்களைச் சேர்த்தார். எல்லாவற்றிலும் அதே பறவை, அதே கம்பி, வாயில் அதே தட்டான். அனுபவப்பட்டவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. பஞ்சுருட்டான் மண்கரையில் வளைதோண்டிக் கூடு வைக்கும். இரையோடு வந்த பறவை உள்ளே போகாமல் கம்பியிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால், வளைக்குப் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். உயிரியலாளர் மிலிந்த் வாட்வேயும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: கூட்டைப் பார்க்கக்கூடிய இடத்தில் மனிதர் நின்றால் பஞ்சுருட்டான் உள்ளே போகத் தயங்குகிறது, அவரால் கூட்டைப் பார்க்க முடியாது என்றால் அந்தத் தயக்கம் குறைகிறது. அவ்வளவு நுட்பமான பறவை அது. அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட நேரமெல்லாம் உள்ளே குஞ்சுகள் பசியோடு கிடந்திருக்கும்.

முதலில் வந்த கண்டனம்: "நீயெல்லாம் மனிதனா? பறவைக் கொலைகாரன்." அதற்கு முப்பது விருப்பக்குறிகள். பிறகு ஒரு மூத்த பறவை ஆர்வலர், ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுதினார்: "தம்பி, வெளிச்சத்தை நன்றாகப் பிடித்திருக்கிறீர்கள். வளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்? இரையோடு எவ்வளவு நேரம் காத்திருந்தது?" முதல் ஆளுக்கு அந்தப் பையன் பதிலே சொல்லவில்லை. ஆசிரியைக்குச் சொன்னான்: சுமார் பத்தடி, அரை மணி நேரத்துக்கும் மேல், பக்கத்தில் கூடு இருப்பது தனக்குத் தெரியாது. அவர் விளக்கினார். படங்களைக் குழுவிலிருந்து அவனே நீக்கிவிட்டான். அடுத்த பருவத்தில், கரையை வெட்டி மண் அள்ளுகிறார்கள், வளைகள் போய்விடும் என்று எங்களுக்கு முதலில் தகவல் தந்தவனும் அவன்தான்.

கூடுகளின் விஷயத்தில் கண்டிப்பு தேவையில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. கூட்டை மறைக்கும் இலைகளை ஒடித்துவிட்டுப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெயிலுக்கும் காகத்துக்கும் வைரிக்கும் குஞ்சுகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படத்தை ஏற்றுகிறார்கள். தெரிந்தே இதைத் திரும்பத் திரும்பச் செய்பவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும், வனத்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். நானே செய்திருக்கிறேன். அதையும் வசை இல்லாமல் செய்ய முடியும்.

வசையால் நடப்பது வேறு. கூட்டுக்குப் பக்கத்தில் எடுக்கும் பழக்கம் நிற்பதில்லை, அதைச் சொல்லும் பழக்கம்தான் நின்றுபோகிறது. கூடு தெரியாதபடி படத்தைக் கிராப் செய்கிறார்கள். பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்ததைச் சொல்வதில்லை. நாள் நேரம் எதுவும் எழுதுவதில்லை. ஒரு படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதற்குப் பெரும்பாலும் ஒரே சாட்சி எடுத்தவர்தான். அவர் வாயை நாமே அடைத்துவிட்டு, புகைப்பட உலகில் நேர்மை குறைந்துவிட்டது என்று புலம்புகிறோம்.

இன்னொரு வகைக் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்லெண்ணத்திலிருந்து வருகிறது. 2017-இல் ஒரு சர்வதேசப் போட்டியின் விளம்பரத்துக்கு, கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியில் எடுத்த ஒரு சிறுமியின் படத்தைப் பயன்படுத்தினார்கள். அவளை அடையாளம் காண முடியும். கடும் கண்டனம் எழுந்த பிறகே நீக்கினார்கள். கண்டித்தவர்கள் செய்தது சரி. சில நாட்களில், பெங்களூரைச் சேர்ந்த ஒரு வாசகி, அந்தப் புகைப்படக்காரரான சௌவித் தத்தாவின் வேறொரு படத்தில் நிற்கும் பெண்ணுருவம், அமெரிக்கப் புகைப்படக்காரர் மேரி எலன் மார்க் பல ஆண்டுகளுக்கு முன் மும்பையில் எடுத்த படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்பதைக் கண்டுபிடித்தார். அவர் யாரையும் ஏசவில்லை. இரண்டு படங்களையும் வைத்துக் காட்டினார். தத்தா ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் குழுக்களில் இப்படி ஒரு படம் வந்தால் என்ன செய்கிறோம்? "எவ்வளவு கேவலம் பாருங்கள்" என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஐந்து குழுக்களுக்கு அனுப்புகிறோம். கண்டிப்பவரின் கையாலேயே அந்தக் குழந்தையின் முகம் இன்னும் ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம் எதையும் ஊடகங்களில் வெளியிடுவதை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கிறது. படத்தை விவரித்து எழுதுங்கள், இணைப்பை நிர்வாகிக்கும் காவல்துறைக்கும் மட்டும் அனுப்புங்கள். முகத்தைப் பரப்பாதீர்கள்.

தீர்ப்பெழுதும் ஆர்வலர்கள் இன்னொரு சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. பெயர் குறிப்பிட்டு ஒருவரைத் திருடன், மோசடிக்காரன் என்று எழுதினால் அது இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி அவதூறாகலாம். சொன்னது உண்மை, பொது நலனுக்காகச் சொன்னேன் என்பது விதிவிலக்குதான், ஆனால் அதை நிறுவுவதற்குக் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

குழு நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். குற்றச்சாட்டு பொய்யென்று தெரிந்தால், அந்த விவாதத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயர் எத்தனை பேர் கண்ணில் பட்டதோ அத்தனை பேரும் பார்க்கும்படி, ரா கோப்பைப் பார்த்தோம், படம் உண்மையானது என்று எழுதி, குழுவின் முகப்பில் ஒரு வாரமாவது நிறுத்தி வையுங்கள். குற்றஞ்சாட்டியவரும் அதன் கீழ் தன் பெயரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். முகமில்லாப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிறர் பெயரைக் கெடுக்க யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். பெண்கள் படம் போடும்போது படத்தை விட்டுவிட்டு அவர்களைப் பற்றி எழுதப்படும் கருத்துகளுக்கு முதல் எச்சரிக்கைகூடத் தேவையில்லை, நேரடியாக நீக்குங்கள்.

சந்தேகம் வந்தால் தனிச்செய்தியில் இப்படிக் கேட்கலாம்: "வணக்கம். உங்கள் ஆந்தைப் படத்தில் இடது சிறகின் விளிம்பும் பின்னணியும் சேரும் இடம் எனக்குப் புரியவில்லை. ரா கோப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் காட்ட முடியுமா? எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தீர்கள், ஃபிளாஷ் பயன்படுத்தினீர்களா?" எந்த இடம் உறுத்துகிறது என்று குறிப்பிட்டுச் சொன்னால் அவரும் குறிப்பிட்ட பதிலைத் தர முடியும். இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். அவர் காட்டுக்குள் இருக்கலாம், அங்கே சிக்னல் கிடைக்காது. பதில் வராவிட்டாலோ, வந்த பதில் பொருந்தாவிட்டாலோ, கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் நிர்வாகியிடமோ போட்டி நடத்துபவரிடமோ அப்படியே ஒப்படையுங்கள்.