பாறையை அள்ளும் ஷவல் எப்படி வேலை செய்கிறது?

சத்தீஸ்கர் மாநிலத்தின் கோர்பா பகுதியில் உள்ள கெவ்ரா நிலக்கரிச் சுரங்கத்தில், 42 கன மீட்டர் கொள்ளளவுள்ள வாளியைக் கொண்ட மின் ஷவல்கள் 240 டன் சுமக்கும் டம்பர்களை நிரப்புகின்றன. திறந்தவெளிச் சுரங்கம் என்றதும் நிலக்கரி வெட்டுவதே நம் நினைவுக்கு வந்தாலும், அங்கே நடக்கும் வேலையின் பெரும்பகுதி நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையும் மணற்பாறையையும் அப்புறப்படுத்துவதுதான். வெடி வைத்து உடைத்த அந்தப் பாறையை அள்ளி வண்டியில் ஏற்றும் இயந்திரம் ஒரு நிமிடம் நின்றாலும், அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கும் எல்லாமே நின்றுவிடும். அதனால் சுரங்கத்தைத் திட்டமிடுபவர்கள் முதலில் ஷவலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, டம்பரின் அளவையும், படிபோல வெட்டப்படும் பாறைச் சுவரான வெட்டுப்படியின் உயரத்தையும் சாலையின் அகலத்தையும் அதைச் சார்ந்தே தீர்மானிக்கிறார்கள்.

கயிற்று ஷவல் எனப்படும் இந்த இயந்திரத்தின் அமைப்பு, பார்வைக்குத் தோன்றுவதைவிட எளிமையானது. சங்கிலித் தடங்களின் மேல் ஓர் அடித்தளமும், அதன்மேல் முழுவட்டமாகத் திரும்பக்கூடிய இயந்திர அறையும் உள்ளன. அறையின் முன்புறம் சாய்வாக, பூம் எனப்படும் நீண்ட எஃகுக் கை நீட்டிக்கொண்டிருக்கிறது. பூமின் நடுப்பகுதியில் பொருத்தப்பட்ட கைப்பிடி முன்னும் பின்னும் நகரும். அதன் முனையில் வாளி இருக்கிறது. பூமின் உச்சியிலுள்ள கப்பியின் வழியாக வரும் தடித்த எஃகுக் கயிறுகள் வாளியை மேலே இழுக்கின்றன. மேலே தூக்குதல், பாறைக்குள் முன்னே தள்ளுதல், பக்கவாட்டில் திரும்புதல், இடம் பெயர்தல் ஆகிய நான்கு அசைவுகளே இதற்கு உண்டு. வாளியைக் கவிழ்ப்பதில்லை; அடிக்கதவின் தாழ்ப்பாளை ஒரு மெல்லிய கம்பிக்கயிறு இழுத்ததும் கதவு திறந்து, பாறை டம்பரில் கொட்டுகிறது.

தோண்டும்போது வாளி வெட்டுப்படியின் அடிவாரத்தில் தொடங்கி, ஒரு வில்லைப்போல் மேல்நோக்கி வருகிறது. தூக்கும் கயிறு மேலே இழுக்க, தள்ளும் இயக்கம் வாளி எவ்வளவு ஆழமாகப் பாறையைக் கடிக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆழம் அதிகமானால் கயிறு இழுக்க முடியாமல் வாளி நின்றுவிடும். குறைவானால் வாளி பாதி காலியாகவே மேலே வந்து சேரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதையைப் பிடித்து, ஒவ்வொரு முறையும் வேறுவிதமாகக் குவிந்து கிடக்கும் பாறையில் அதைத் திரும்பத் திரும்பச் செய்வதே ஆபரேட்டரின் திறமை. வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் இந்த நுட்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், அதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது அவசியம் என்று கருதுகிறேன்.

அடுத்து எழும் கேள்வி, இவ்வளவு பெரிய நடமாடும் இயந்திரத்தை ஏன் டீசலில் ஓட்டாமல், 6,600 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவரும் கனத்த கேபிளைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்பது. ஷவலின் வேலை முறையிலேயே இதற்கான விடை இருக்கிறது. வாளி காற்றில் வேகமாகப் போகும்போது அதற்குப் பெரிய விசை தேவையில்லை; பாறையில் சிக்கி ஏறக்குறைய நின்றுபோகும் அந்தக் கணத்தில்தான் மிக அதிகமான இழுவிசை வேண்டும். டீசல் எஞ்சினை நேரடியாக இணைத்தால், சுழற்சி குறையக் குறைய அது திணறி அணைந்துவிடும். நேர்மின்னோட்ட மோட்டாரோ, சுழலாமல் நிற்கும் நிலையிலும் முழு முறுக்குவிசையைத் தரும். ஒவ்வொரு அசைவுக்கும் தனி மின்னாக்கியை வைத்து, அதன் காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து மோட்டாரைக் கட்டுப்படுத்தும் வார்டு லியோனார்டு முறை, பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்துவந்தது. மோட்டார் நின்றுபோனாலும் மின்னோட்டம் ஓர் எல்லையைத் தாண்டாதபடி அது பார்த்துக்கொண்டதால், கம்பிச்சுற்று கருகாமலே விசை மட்டும் நீடித்தது. இன்றைய ஷவல்களில் மாறுமின்னோட்ட மோட்டார்களும் மின்னணுக் கட்டுப்பாடும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

மின்சாரத்தால் இன்னொரு பயனும் உண்டு. வெறும் வாளியைக் கீழே இறக்கும்போதும், நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள மேற்பகுதி வேகமாகத் திரும்பிவந்து நிற்கும்போதும், மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. பிரேக்கில் வெப்பமாக வீணாகியிருக்க வேண்டிய ஆற்றல் இப்படி மீண்டும் மின்கம்பிக்கே போகிறது.

நின்றுபோகும்போதும் இழுக்கும் இதே குணம் நீராவிக்கும் இருந்தது. உருளைக்குள் இருக்கும் பிஸ்டன் நகராவிட்டாலும் நீராவியின் அழுத்தம் அதன்மேல் முழுமையாக இருக்கும். அமெரிக்காவின் வில்லியம் ஓட்டிஸ் 1839-இல் நீராவி ஷவலுக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் ரயில்பாதை அமைப்பதற்கே பயன்பட்ட அந்த இயந்திரம், பனாமா கால்வாய் வெட்டப்பட்டபோது உலகப்புகழ் பெற்றது. 1906 நவம்பரில் அங்கே சென்ற அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், புசைரஸ் நிறுவனத்தின் 95 டன் ஷவலில் ஏறி அமர்ந்த புகைப்படம் இன்றும் கிடைக்கிறது.

ஷவலும் டம்பரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். நிலத்தில் இறுகிக் கிடக்கும் மணற்பாறை ஒரு கன மீட்டருக்கு 2.4 டன் எடை இருப்பதாகக் கொள்வோம். வெடித்து உடைந்ததும் துண்டுகளுக்கு நடுவே வெற்றிடம் உண்டாகி, அதே பாறை 1.4 கன மீட்டராக உப்பிவிடும். அப்போது ஒரு கன மீட்டரின் எடை சுமார் 1.7 டன்தான். 42 கன மீட்டர் வாளி பத்தில் ஒன்பது பங்கு நிரம்பினால், ஒரு முறைக்கு 64 டன் வரும். 240 டன் டம்பருக்கு நான்கு வாளிகள் போதும்; நான்காவது வாளியை மட்டும் சற்றுக் குறைவாக அள்ள வேண்டியிருக்கும். ஒரு சுற்றுக்கு 35 நொடி என்று வைத்தால், 2 நிமிடம் 20 நொடியில் டம்பர் புறப்பட்டுவிடும். டம்பர் பின்வாங்கி நிற்பதற்குள் முதல் வாளியை ஆபரேட்டர் தயாராகத் தூக்கி வைத்திருந்தால் இந்த நேரம் இன்னும் குறையும்.

இந்த 35 நொடியில் பெரும்பகுதி தோண்டுவதில் செலவாவதில்லை. டம்பரை நோக்கித் திரும்புவதிலும் மீண்டும் பாறைக்கு வருவதிலுமே போகிறது. எனவே டம்பர் நிற்கும் இடம் முக்கியம். அதிகம் திரும்பத் தேவையில்லாதபடி டம்பரை நிறுத்தி, ஒவ்வொரு சுற்றிலும் 5 நொடி மிச்சப்படுத்தினால், நேரத்தில் ஏழில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. புதிதாக ஓர் இயந்திரமும் வாங்காமலே கிடைக்கும் பலன் இது. ஷவலின் இருபுறமும் டம்பர்களை மாற்றி மாற்றி நிறுத்துவதும் இதற்காகவே. டம்பர்களின் எண்ணிக்கையிலும் கணக்கு உண்டு: ஏற்ற 3 நிமிடமும், போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வருவதையும் சேர்த்து மொத்தம் 21 நிமிடமும் ஆகுமானால் ஏழு டம்பர்கள் வேண்டும். ஆறு இருந்தால் ஷவல் காத்திருக்கும், எட்டு இருந்தால் டம்பர்கள் காத்திருக்கும். வெடிவேலை சரியாக அமையாமல் பெரும்பாறைகள் மிஞ்சிவிட்டாலோ, ஏற்றும் நேரம் நீண்டு இந்தக் கணக்கே குலைந்துவிடும். ஷவல் மெதுவாக வேலை செய்கிறது என்று குறை சொல்வதற்கு முன், முந்தைய நாள் வெடி எப்படி உடைத்தது என்று பார்ப்பதே நியாயம்.

கயிற்று ஷவலுக்குப் போட்டியாக வந்தது ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டர். 1954-இல் ஜெர்மனியின் டெமாக் நிறுவனம் முழுவதும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பி 504 இயந்திரத்தை உருவாக்கியது. இங்கே டீசல் எஞ்சின் ஒரே வேகத்தில் பம்பைச் சுழற்றிக்கொண்டிருக்க, எண்ணெயின் அழுத்தம் வாளியைத் தள்ளுகிறது. வாளி நின்றாலும் அழுத்தம் குறைவதில்லை. வாளியை மணிக்கட்டைப்போல் தனியே மடக்கவும் முடிவதால், நிலக்கரிப் படலத்துக்கும் அதன் இடையே உள்ள களிமண் அடுக்குக்கும் நடுவே பிரித்து வெட்டலாம். கயிற்று ஷவலால் அது இயலாது. ஆனால் எண்ணெய்க்குழாய்களும் பம்புகளும் அடிக்கடி பராமரிப்பைக் கேட்பவை. பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் உழைக்கும் பொறுமை கயிற்று ஷவலுக்கே அதிகம். டயரில் ஓடும் வீல் லோடர்கள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு விரைந்து போகும். கூரிய பாறையில் டயர் கிழிவது அவற்றின் பலவீனம்.

டம்பரே தேவைப்படாத முறையும் இருக்கிறது. சிங்ரௌலி சுரங்கங்களில் 24 கன மீட்டர் வாளியும் 96 மீட்டர் நீளப் பூமும் கொண்ட, தொங்கும் வாளியைக் கயிற்றால் இழுத்துத் தோண்டும் டிராக்லைன்கள், மேல்மண்ணை அள்ளி ஏற்கெனவே நிலக்கரி எடுத்த பள்ளத்தில் நேராக வீசிவிடுகின்றன.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு இவற்றிலிருந்து முற்றிலும் மாறுபட்ட வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே 1961-இல் முதன்முதலாக வெளிப்பட்ட அந்த நிலக்கரியை, சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்திய ஜெர்மானிய வகை இயந்திரங்கள் வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் தொடர்ந்து கொட்டுகின்றன. திரும்புவதற்கும் வருவதற்கும் நேரம் வீணாவதில்லை. ஆனால் ஜெர்மனியின் ரைன் பகுதியில் மென்மையான மணலையும் களிமண்ணையும் வெட்டிப் பழகிய அந்த வகைக்கு, நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்பாறை கடுமையான சோதனையாக அமைந்தது. உராய்வு மிகுந்த அந்தப் பாறை வாளியின் பற்களை விரைவாகத் தேய்த்துவிட்டது. முன்கூட்டியே துளையிட்டு வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே சக்கரத்தால் வெட்ட முடிந்தது.

பற்களைப் பற்றிய கவலை எல்லா ஷவல்களுக்கும் பொது. வாளியின் உதட்டில் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ள மாங்கனீசு எஃகு அல்லது உலோகக்கலவைப் பற்கள், தேய்ந்ததும் கழற்றி மாற்றத்தக்கவை. தேய்வதைவிட அவை கழன்று விழுவதே ஆபத்தானது. பாறையோடு கலந்து டம்பரில் ஏறிப் போகும் ஒரு பல், பாறை நொறுக்கும் இயந்திரத்தில் சிக்கினால், உடையாத அந்த எஃகுத் துண்டு முழு ஆலையையும் நிறுத்திவிடும். அதைப் பிடுங்கி எடுக்கும் வேலை தொழிலாளர்களின் உயிருக்கே கேடாக முடியலாம். அதனால் புதிய ஷவல்களில் பூமின்மேல் ஒரு கேமரா வாளியைப் பார்த்தபடி இருக்கிறது. அதனுடன் இணைந்த கணினி ஒவ்வொரு சுற்றிலும் பற்களைச் சரிபார்க்கிறது. ஒன்று குறைந்தாலும் ஆபரேட்டரின் திரையில் எச்சரிக்கை வரும். கடைசியாக ஏற்றிச் சென்ற டம்பரை நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகவிடாமல் வழியிலேயே நிறுத்தி, அதன் சுமையைத் தனியிடத்தில் கொட்டித் தேடுகிறார்கள்.