பிரீசெட்டில் வெளுத்துப்போகும் மாநிறம்

திருமணப் படங்களுக்கு ஃபிலிம் சாயல் வேண்டும் என்று கேட்போர் பெருகிவிட்டனர். போர்ட்ரா, வெல்வியா, கோடாக்ரோம் என்று ஃபிலிம் வகைகளின் பெயரிட்ட பிரீசெட்டுகளை (படத்தின் நிறத்தையும் ஒளியையும் மாற்றும் ஆயத்த அமைப்புகளை) விலைக்கு வாங்கி, மொத்தப் படங்களுக்கும் ஒரே சொடுக்கில் போட்டுக் கொடுத்துவிடும் வழக்கமும் கூடவே வளர்ந்திருக்கிறது. நானும் நாள்தோறும் பிரீசெட் பயன்படுத்துபவன்தான். ஆனால் வேறு யாரோ, வேறு வெளிச்சத்தில் எடுத்த தம் படத்துக்காக நகர்த்திவைத்த ஸ்லைடர்களின் தொகுப்பே அது என்பதை மறந்தால், முதலில் அடிபடுவது முகத்தின் நிறம்.

நம் மாநிறத் தோல், படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் பெரும்பாலும் ஆரஞ்சுப் பிரிவில்தான் அடங்குகிறது. வெளிர் தோலை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட பல பிரீசெட்டுகள் அந்த ஆரஞ்சின் ஒளிர்வை உயர்த்திச் செறிவைக் குறைப்பதால், மணப்பெண்ணின் முகம் சாம்பல் பூசியதுபோல் வெளுக்கிறது. அதே பிரிவை ஒட்டியுள்ள தங்க நகையும் மெருகை இழக்கிறது. பச்சையை மங்கவைக்கும் பிரீசெட்டில் வாழைமரமும் மாவிலைத் தோரணமும் வாடிப்போகின்றன. சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் நகர்ந்தால் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகிவிடும். கடை கடையாக ஏறி இறங்கி அந்தப் புடவையை எடுத்தவர்கள் இதைக் கவனிக்காமலா இருப்பார்கள்?

ஃபிலிம் காலத்திலும் இந்தச் சாய்வு இருந்தது. வண்ண அச்சைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் பெண்களே இருந்தனர். ஃபியூஜி 1990இல் கொண்டுவந்த வெல்வியாவோ, இயற்கைக் காட்சி எடுப்போர் அதன் அடர்ந்த வண்ணங்களுக்காகக் கொண்டாடிய ஃபிலிம்; முகங்களை அது மிகையாகச் சிவக்கவைக்கும். அந்தப் பெயருள்ள பிரீசெட்டை முகூர்த்தப் படத்துக்குப் போடுவானேன்?

வெளிச்சத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. போர்ட்ரா 400 போன்ற நெகட்டிவ் ஃபிலிமில் இரண்டு ஸ்டாப் கூடுதலாக, அதாவது தேவையைப்போல் நான்கு மடங்கு, வெளிச்சம் விழுந்தாலும் பட்டு வேட்டியின் மடிப்புகள் தப்பிவிடும். டிஜிட்டல் சென்சாரில் வெள்ளை எரிந்துபோனால் எந்தப் பிரீசெட்டும் அதை மீட்காது.

ஆகவே கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸையும் (ஒளியின் நிறச்சாய்வைச் சரிக்கட்டும் அமைப்பு) எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) முதலில் சரிசெய்துவிட்டே பிரீசெட்டைப் போட வேண்டும். வீடியோக்காரரின் எல்இடி ஒருபுறமும் மஞ்சள் பல்புகள் மறுபுறமுமாக ஒளிரும் மண்டபத்தில், ஒயிட் பேலன்ஸைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பிரீசெட் நீங்கள் செய்த திருத்தத்தை அழித்துவிடும். அந்த அமைப்பை நீக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆரஞ்சையும் சிவப்பையும் மட்டும் கையால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கறுப்பைச் சாம்பலாக உயர்த்தும் பிரீசெட் கைப்பேசித் திரையில் எடுப்பாக இருந்தாலும், பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சேறும்போது படமே சோகை பிடித்துவிடும் என்பதால், ஆல்பத்துக்கான படங்களில் கறுப்பை இறக்கி, ஒரு தாள் சோதனை அச்சு எடுத்து, அதைப் புடவையின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே லேபுக்கு அனுப்புகிறேன்.