பயிற்சி ஆசிரியர் வந்தால் நாம் எங்கே உட்காருவது?

"டீச்சர், பி.எட். பிள்ளைங்க ரெண்டு பேர் வர்றாங்க, பாத்துக்கிறீங்களா?" என்று தலைமை ஆசிரியர் கேட்டதும் என் மனசில் ஓடியது, அப்பாடா, நாலு பீரியட் மிச்சம் என்பதுதான். தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி. பேப்பர் வேலை தலைக்கு மேல் கிடந்தது.

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் கழிய வேண்டும். இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம். லீவு போட்டவர் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தவும், பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்துப் போடவும் இவ்வளவு வாரம் எதற்கு?

சரி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கேயும் தப்பு செய்தேன். ஆறாம் வகுப்பில் பாடம் எடுத்த பயிற்சி ஆசிரியை மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி ஏழில் இரண்டு என்று எழுதிவிட்டாள். "தப்பும்மா!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டேன். அதன்பிறகு அவள் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் திரும்பி என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அந்த வகுப்பு அவள் கைக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆனது.

தப்பைக் கண்டால் இப்போது வாய் திறப்பதில்லை. இடைவேளையில் சொன்னால் அடுத்த பீரியடில் அவளே திருத்திவிடுவாள்.

மும்பையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவள் இங்கேயே வளர்ந்தவள், வீட்டில் திருநெல்வேலித் தமிழ். ஆனால் கணக்கு என்று வந்தால் நியூமரேட்டர் என்பாள், இல்லையென்றால் மராத்தியில் 'அம்ஷ்'. பிள்ளைகளுக்கோ பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பாடக்குறிப்பின் ஓரத்தில் அன்றைய சொற்களை முதலிலேயே எழுதிவரச் சொன்னேன். அரை, கால், முக்கால் அவள் வாயில் தானாக வந்தன. அதிலிருந்தே பாடத்தை ஆரம்பித்தோம்.

பார்க்கும்போது குறிப்பெடுக்க எனக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, யாரிடம் கேள்வி போகிறதோ அங்கே ஒரு கோடு போடுவேன். மதியம் டப்பா பிரிக்கும்போது தாளை அவளிடம் கொடுத்தேன். முன்னால் இரண்டு பெஞ்சில் குவியலாகக் கோடுகள். ஜன்னலோர வரிசையில் ஒன்றுகூட இல்லை. நான் எதுவும் பேசவில்லை.

"நாளைக்கு உங்க வகுப்புல நான் போடட்டுமா டீச்சர்?" என்றாள். போட்டாள். இருபத்தி மூன்று வருட சர்வீஸில் என் கோடுகளும் அந்த முதல் இரண்டு பெஞ்சில்தான் கிடந்தன.