காரோடு கடல் கடக்கும் பயணமா? முதலில் கப்பலைப் பாருங்கள்

பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ எல்லை தாண்டிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருவார்கள். வரும்போதே ஒரு வரைபடம் தயாராக இருக்கும். மலைப்பாதை, அருவி, பழைய ஊர், கடற்கரைச் சாலை என்று எல்லாவற்றையும் குறித்திருப்பார்கள். நடுவில் கடல் வரும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளிக்கோடு. "இங்கே ஃபெர்ரி ஏறிடுவோம் சார்" என்பார்கள், ஏதோ பாலத்தைத் தாண்டுவதுபோல.

அந்தப் புள்ளிக்கோட்டைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்வேன். மலைப்பாதைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனாலும் மலை அங்கேயே இருக்கும். கப்பல் இருக்காது.

சரி, இவ்வளவு பேசுகிற நானே சறுக்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஸ்பெயினிலிருந்து மொராக்கோவுக்குத் தங்கள் காரிலேயே போகும் ஒரு குடும்பத்துக்குத் திட்டம் போட்டேன். அல்ஹெசிராஸ் துறைமுகத்தில் ஏறி, டான்ஜியரில் இறங்க வேண்டும். தங்குவதற்கு டான்ஜியர் துறைமுகத்தை ஒட்டி, நடந்தே போகும் தூரத்தில் ஓர் அறை. கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் டான்ஜியர் என்ற பெயரில் இரண்டு துறைமுகங்கள் உண்டு. ஊருக்குள்ளேயே இருப்பது டான்ஜியர் வில். கிழக்கே 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மலையடிவாரத்தில் இருப்பது டான்ஜியர் மெட். அல்ஹெசிராஸ் கப்பல் போவது இரண்டாவதுக்கு. இரவில் இறங்கியவர்கள், தூங்கும் பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, தெரியாத சாலையில் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். போனில் அந்த அம்மா என்னைத் திட்டவே இல்லை. "நடந்தே போயிடலாம்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்தால் போதாது, துறைமுகப் பெயரையும் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

ஊருக்குள்ளேயே இறங்க வேண்டுமென்றால் தெற்கு ஸ்பெயினின் இன்னொரு துறைமுகமான தரீஃபாவிலிருந்து கிளம்பலாம். ஒரு மணி நேரப் பயணம்தான். ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகலான பகுதி, ஏறக்குறைய 14 கிலோமீட்டர் அகலம், அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் தரீஃபாவுக்கு லெவாந்தே என்கிற கிழக்குக் காற்று பெயர்பெற்றது. அது பலமாக வீசத் தொடங்கிவிட்டால் கப்பல்கள் நின்றுவிடும். அல்ஹெசிராஸ் விரிகுடாவுக்குள் இருப்பதால் அந்த அளவுக்கு அடிபடாது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, அதுவும் மறுநாள் எங்கேயாவது சேர்ந்தாக வேண்டியவர்களுக்கு, நான் அல்ஹெசிராஸைத்தான் சொல்வேன். ஒன்றரை மணி நேரப் பயணம், டான்ஜியர் மெட்டில்தான் இறங்க வேண்டும், பரவாயில்லை.

எந்த வழியாக இருந்தாலும் அன்றைய கடைசிக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். காலைக் கப்பல் ரத்தானால் மாலைக் கப்பலில் இடம் கேட்டுப் பார்க்கலாம். கடைசிக் கப்பல் ரத்தானால் துறைமுகத்தில் காருக்குள்தான் இரவு. இதனால்தான் அழகான சாலையை எல்லாம் முந்தின நாளே ஓட்டி முடித்துவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் படுத்து எழுந்து ஏறச் சொல்கிறேன். தெற்கு ஸ்பெயினின் மலையூரான ரோந்தாவிலிருந்து கௌசின் வழியாகக் கடலுக்கு இறங்கும் மலைப்பாதை தூரத்தில் 100 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் வளைவுக்கு வளைவு இறங்கிப் படம் எடுக்கத் தோன்றும் பாதை அது. மதியம் மூன்று மணிக் கப்பலை மனதில் வைத்துக்கொண்டு அதில் ஓட்டுகிறவர் சாலையையும் ரசிக்க மாட்டார், பத்திரமாகவும் ஓட்ட மாட்டார்.

இன்னொன்று, கோடைக்காலம். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் திரும்புவது இந்தத் துறைமுகங்கள் வழியாகத்தான். ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை இதற்கென்றே ஸ்பெயின் அரசு தனி ஏற்பாடு செய்கிறது. கூரையில் மூட்டை கட்டிய கார்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். ஜூலைக் கடைசியையும் ஆகஸ்ட் தொடக்கத்தையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் காகிதங்கள். ஆட்களின் காகிதம் வேறு, வண்டியின் காகிதம் வேறு. முதலாவதில் பலர் மாட்டுவது திரும்பி வரும்போதுதான். ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் ஸ்டிக்கரில் எத்தனை முறை உள்ளே வரலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 01 என்று இருந்தால், ஸ்பெயினிலிருந்து கடல் தாண்டிய நிமிடமே அந்த விசாவின் வேலை முடிந்தது. மொராக்கோவில் நான்கு நாள் சுற்றிவிட்டுத் திரும்ப ஸ்பெயினுக்குள் வருவது இரண்டாவது நுழைவு. விமான டிக்கெட் மாட்ரிட்டிலிருந்து, காரும் மாட்ரிட்டில் ஒப்படைக்க வேண்டியது, ஆனால் விசா இல்லை. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேட்டு, பயண வழியையும் அதில் காட்டிவிட வேண்டும்.

வண்டிக்கு முதலில் பதிவுச் சான்று. பெயர் வேறொருவருடையது என்றால் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். உங்கள் வண்டி இன்சூரன்ஸ் வெளிநாட்டிலும் செல்லும் என்பதற்குக் கிரீன் கார்டு என்று ஒரு பத்திரம் உண்டு. 2020 முதல் வெள்ளைத் தாளிலும் அச்சிட்டுக்கொள்ளலாம், பெயர் மட்டும் இன்னும் பச்சைதான். அதில் நாடுகளின் குறியெழுத்துகள் வரிசையாக இருக்கும். உங்கள் பாலிசி செல்லாத நாட்டின் எழுத்தைக் குறுக்கே அடித்திருப்பார்கள். பத்திரம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாமல் மொராக்கோவின் 'எம்.ஏ.' அடிபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படித்தே ஆக வேண்டும். எல்லை தாண்ட அனுமதி ஒன்று, ஃபெர்ரியில் ஏற்ற அனுமதி இன்னொன்று. ஒன்று இருந்து மற்றது இல்லாத ஒப்பந்தங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கவுன்டரில் இருப்பவர் வாயால் "போகலாம்" என்று சொன்னதை எல்லையில் யாரும் கேட்கப்போவதில்லை, எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டனில் வாடகைக்கு எடுத்து வெளிநாடு போகிறவர்களுக்கு 'வி.இ. 103' என்ற தனிச் சான்றே இருக்கிறது, அதை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

மொராக்கோ சுங்கம் காரைத் தற்காலிக இறக்குமதியாக ஓட்டிவந்தவர் பெயரில் பதிவு செய்யும். வெளியே போகும்போது அவரும் காரும் சேர்ந்தே போக வேண்டும். அவசரம் என்று அவர் மட்டும் விமானம் ஏறப் போனால் சிக்கல்தான். குடும்பத்தில் யாருக்குத் திடீரென்று ஊர் திரும்ப வேண்டி வரலாம் என்று யோசித்து, அவர் பெயரில் காரைப் பதியாமல் இருப்பது நல்லது.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்தத் துறைமுகத்தின் உள்ளூர் நேரம். இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலேவுக்கு ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் இறங்கியதும் கடிகாரத்தில் இரண்டரை மணி நேரம் ஓடியிருக்கும். அந்த வழியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனை டோவரிலேயே, கப்பல் ஏறும் முன்பே நடந்துவிடும். கனடாவின் விக்டோரியாவிலிருந்து அமெரிக்காவின் போர்ட் ஏஞ்சலஸ் போகும்போதும் அமெரிக்க அதிகாரிகள் விக்டோரியாவிலேயே சோதிப்பார்கள். ஆக, கப்பல் கிளம்பும் நேரத்துக்குள் எல்லை வரிசையும் அடக்கம். மொராக்கோவோ ரமலான் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடும்.

முன்பதிவு செய்யும்போது காரின் உயரத்தைக் கூரைப்பெட்டியோடும், நீளத்தைப் பின்னால் மாட்டிய சைக்கிளோடும் சேர்த்து அளந்து கொடுங்கள். ஏற்றும் இடத்தில் பொருந்தவில்லை என்றால் வேறு வரிசை, வேறு கட்டணம், சில சமயம் வேறு கப்பல். உதிரி பெட்ரோல் கேன் வேண்டாம்.

கப்பலுக்குள் போனதும் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு, அலாரத்தின் அசைவு சென்சாரை அணைத்துவிடுங்கள். கப்பல் ஆடும்போது நூறு கார்களில் பத்துக் கார் கத்தும், அதில் உங்களுடையது இருக்க வேண்டாம். டெக் எண்ணையும் படிக்கட்டின் நிறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து, பாஸ்போர்ட், பிள்ளைகளின் ஸ்வெட்டர் எல்லாம் கையோடு வரட்டும். கப்பல் ஓடும்போது கார் டெக்கைப் பூட்டிவிடுவார்கள், கெஞ்சினாலும் விட மாட்டார்கள். விடாததற்குக் காரணம் இருக்கிறது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸேப்ரூக்கா துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற ஃபெர்ரி, முன்கதவு மூடப்படாமலேயே போனது. கார் டெக்கில் தண்ணீர் புகுந்து சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். தடுப்பே இல்லாத அந்தப் பெரிய தளத்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஒரு பக்கமாகச் சாயும் என்பது கப்பல்காரர்களுக்குத் தெரியும்.

காரைப் பூட்டிவிட்டு மேல் டெக்குக்கு ஏறுங்கள். அல்ஹெசிராஸிலிருந்து கிளம்பினால் இடது பக்கக் கம்பியோரம் இடம் பிடியுங்கள். ஜிப்ரால்டர் பாறை மெல்லப் பின்னால் போகும், எதிரே ஆப்பிரிக்கக் கரையில் ஜெபல் மூசா மலை பெரிதாகிக்கொண்டே வரும். காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், தொப்பியை மட்டும் காரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.