'ஒரே பொருளானவர்': ஹோமோஊசியோஸ் என்ற சொல்லின் கதை

கத்தோலிக்கத் திருப்பலியில் நிசேயா நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது, "ஒளியினின்று ஒளியாக" என்பதில் எல்லோர் குரலும் எழும்பும். சற்றுப் பின்னால் இயேசுவைப் பற்றி வரும் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்பதை விரைவாகத் தாண்டிவிடுவோம். பொருள் என்றால் நமக்குக் கடைச் சாமான். இல்லையேல் அகராதி தரும் அர்த்தம். இரண்டும் இங்கே ஒட்டாது.

மூலச் சொல் ஹோமோஊசியோஸ். கிரேக்கத்தில் 'ஹோமோ' என்றால் அதே. 'ஊசியா' என்பது 'இரு' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர்ச்சொல்: உள்ளது, ஒன்று எதுவாக இருக்கிறதோ அது. இலத்தீன்காரர்கள் இதைக் 'கொன்சுப்ஸ்தான்சியாலிஸ்' ஆக்கினார்கள்.

இந்தச் சொல் விவிலியத்தில் எங்கும் இல்லை. அப்படியிருக்க நம்பிக்கை அறிக்கைக்குள் எப்படி வந்தது? அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு, "அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு" என்று கடவுளின் மகனாகிய இயேசுவைப் பற்றிக் கற்பித்தார். இயேசுவை அவர் இழிவுபடுத்தவில்லை; படைப்புகளிலேயே முதலும் உயர்வும் அவர்தான் என்றார். ஆனாலும் படைப்புதான். பேரரசர் கான்ஸ்தந்தீன் 325-இல் நிசேயாவில், இன்றைய துருக்கியின் இஸ்னிக்கில், ஆயர்களை (பிஷப்புகளை) கூட்டினார். விவிலியச் சொற்களாலேயே விடையளிக்கத்தான் முதலில் முயன்றார்கள். "கடவுளிடமிருந்து வந்தவர்" என்று எழுதலாமா? எழுதலாமே, எல்லாமே கடவுளிடமிருந்து வந்தவைதானே என்றது ஆரியுஸ் தரப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள் என்று, அப்போது திருத்தொண்டராக அங்கே இருந்த அத்தனாசியுஸ் பின்னாளில் எழுதினார். கண்சிமிட்ட இடம் தராத சொல்லாகக் கிடைத்தது ஹோமோஊசியோஸ்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? மகன் படைப்பு என்றால் அவரை வணங்குவது படைப்பை வணங்குவதாகும். மீட்பும் ஆட்டம் காணும்: படைப்பு ஒன்று, தன்னைப் போன்ற படைப்புகளைக் கடவுளோடு எப்படி இணைக்கும்? அத்தனாசியுஸ் கடைசிவரை விடாமல் கேட்டது இதைத்தான். ஆயரான பிறகு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டும் அவர் இறங்கிவரவில்லை.

நிசேயாவுக்குப் பின் சிலர் சமரசமாக 'ஹோமோய்ஊசியோஸ்' என்றார்கள். கிரேக்கத்தில் ஐயோட்டா என்ற ஓரெழுத்துதான் கூடுதல். 'அதே' என்பது 'ஒத்த' ஆகிவிடும். தமிழில் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரிகிறது: 'ஒரே பொருள்', 'ஒத்த பொருள்'. ஒரே அச்சில் எடுத்த இரு பிரதிகள் ஒத்தவை, ஒன்றே அல்ல.

'ஒரே தன்மையுடையவர்' என்று சொல்வாரும் உண்டு. கேட்க எளிதுதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. தன்மை என்பது பொருளிடத்தில் காணப்படுவது. "எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" என்று வள்ளுவர் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார். தீயிலிட்ட இரும்புக்குத் தீயின் தன்மை வரும். அது தீ ஆகிவிடாது. தன்மை மட்டும் ஒன்று என்றால் ஆரியுஸும்கூட ஏதாவது ஒரு வகையில் தலையாட்டியிருப்பார். பரம்பொருள், மெய்ப்பொருள் என்று வழங்கிப் பழகிய மொழியில் 'பொருள்' என்பதே சரியான சொல்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. தமிழில் பொருள் என்றால் செல்வமும்தான்; ஊசியாவுக்கும் அன்றாடக் கிரேக்கத்தில் சொத்து என்றும் அர்த்தம். புதிய ஏற்பாட்டில் அச்சொல் வரும் ஒரே இடம் லூக்கா 15-ஆம் அதிகாரம். இளைய மகன் தகப்பனிடம் "ஆஸ்தியில் எனக்கு வரும் பங்கை" கேட்கிறானே, அந்த ஆஸ்திதான் ஊசியா. அதை வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் அழித்தும்விடுகிறான்.